மனத்தைப் பேணும் பழைய பயிற்சி

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து கந்தரோடை சைக்கிள் ஓடும் தூரம்தான். அங்கே பனைகளுக்கு நடுவே, வேலியடைத்த ஒரு காணிக்குள், முருகைக்கல்லால் கட்டிய சிறிய பௌத்தத் தூபிகள் கூட்டமாக நிற்கின்றன. 1917 ஆம் ஆண்டளவில் வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் இவற்றை ஆராய்ந்து எழுதினார். 1970 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் செய்த அகழ்வு, கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே இங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டியது.

பௌத்தம் என்றதும் எங்களில் பலருக்குக் கடந்த அரை நூற்றாண்டின் கசப்புத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கசப்புக்குக் காரணங்கள் உண்டு. என்றாலும் பௌத்தம் தமிழருக்கு அந்நியமாக இருந்ததில்லை. மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியம். சோழநாட்டுப் புத்ததத்தர் பாளியில் நூல்கள் எழுதியவர். அந்த மரபு வளர்த்த மனப்பயிற்சியை இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை எந்தச் சமயத்தவரும் தம் சமயத்தை விடாமலே செய்யலாம். எங்கள் ஊர்களுக்கு அது மிகவும் தேவை என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடம்பில் தெரியும் மனநோவு

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்ததை அனுபவித்தவர்களில் பலர் இன்று நடுவயதைத் தாண்டிவிட்டார்கள். அதன்பின் 2009 இல் போரின் இறுதிக்கட்டம் வந்தது. காணாமல் போனவர்களுக்கான காத்திருப்பு இன்னும் முடியவில்லை. இவற்றோடு கடன், வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் பிரிவு, பரீட்சைப் பயம் என்று அன்றாடச் சுமைகளும் உண்டு.

எங்கள் ஆட்கள் மனநோவை அப்படியே சொல்வது குறைவு. தலையிடி, நெஞ்சு படபடப்பு, உடம்பு முழுக்க உளைவு, நித்திரையின்மை என்றுதான் வைத்தியரிடம் போவார்கள். இவை பொய்யான நோய்கள் அல்ல. மனம் ஆபத்தை உணர்ந்தால் அதிரினலின், கோர்ட்டிசோல் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. ஆபத்து போனபின் உடல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் மனம் நடந்ததையே திருப்பித் திருப்பி யோசித்துக் கொண்டிருந்தால், உடலும் ஆபத்து போகவில்லை என்றே இயங்குகிறது. நாட்பட்டால் இரத்த அழுத்தம், நித்திரை, சமிபாடு எல்லாம் குழம்புகின்றன.

புத்தர் இதை இரண்டு அம்புகளின் உவமையால் விளக்கினார். வாழ்க்கை தரும் நோவு முதல் அம்பு. ‘ஏன் எனக்கு மட்டும்?’ என்று அந்த நோவைச் சுற்றி நாமே வளர்க்கும் வெறுப்பும் பயமும் இரண்டாவது அம்பு. முதலாவதைத் தடுப்பது எப்போதும் எங்கள் கையில் இல்லை. இரண்டாவதைத் தடுக்கப் பழகலாம்.

விழிப்புணர்வு என்பது என்ன?

மனதை வெறுமையாக்குவதுதான் தியானம் என்று பலர் நினைக்கிறார்கள். பௌத்தப் பயிற்சி அதைக் கேட்பதில்லை. இப்போது நடப்பதை, அது நடக்கும்போதே, தீர்ப்புச் சொல்லாமல் அறிவதே அதன் அடிப்படை. சதிபட்டான சுத்தம் என்ற பௌத்த உரை இதற்கு நான்கு களங்களைக் காட்டுகிறது. அவை உடல், இன்ப துன்ப உணர்ச்சிகள், மனநிலை, மனத்தில் எழும் பொருள்கள் என்பன.

மனத்தை மறைக்கும் ஐந்து தடைகளையும் அந்த மரபு அடையாளம் காட்டுகிறது. ஆசையின் இழுப்பு, வெறுப்பு, சோம்பலும் மந்தமும், பதற்றமும் குற்றவுணர்வும், சந்தேகம் ஆகியவையே அவை. கோபம் வரும்போது ‘நான் கெட்டவன்’ என்று ஒடுங்காமல், ‘வெறுப்பு எழுந்திருக்கிறது’ என்று கண்டுகொள்வதுதான் பயிற்சி. கண்டுகொண்ட கணத்தில் கோபத்துக்கும் அடுத்து வாயில் வரப்போகும் சொல்லுக்கும் இடையில் சிறிது அவகாசம் கிடைக்கிறது. பல குடும்பச் சண்டைகள் அந்த அவகாசத்திலேயே அடங்கிப் போகும்.

ஒரு நாளுக்குள் செய்யக்கூடியவை

காலை: எழும்பியதும் கைத்தொலைபேசியை எடுக்கமுன் பத்து நிமிடம் நிமிர்ந்து இருங்கள். கதிரையிலும் இருக்கலாம். மூக்கு நுனியிலோ வயிற்றிலோ மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். மூச்சை அடக்கவோ வலிந்து இழுக்கவோ வேண்டாம். மனம் சந்தைக்கோ பழைய சண்டைக்கோ ஓடும். ஓடியதை அறிந்து மூச்சுக்குத் திரும்புங்கள். மனம் ஓடுவது தோல்வி இல்லை. அதைக் கண்டு திரும்பி வருவதுதான் பயிற்சியே.

பகல்: ஏதாவது ஒரு வேலையை முழுக் கவனத்தோடு செய்யுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும்போது கால் மண்ணில் படுவதை உணரலாம். கிணற்றடியில் முகம் கழுவும்போது தண்ணீரின் குளிர்ச்சியை உணரலாம். சாப்பிடும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு முதல் ஐந்து வாய்ச் சோற்றையாவது சுவைத்து உண்ணலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூன்று மூச்சுகளைக் கவனிப்பதும் பயிற்சிதான்.

பின்னேரம்: மெத்தா எனப்படும் அன்புத் தியானத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ‘நான் நலமாயிருக்க வேண்டும்’ என்று தொடங்கி, அன்பானவர், அறிமுகம் மட்டுமே உள்ளவர், மனத்தாங்கல் உள்ளவர் என்று நல்லெண்ணத்தை ஒவ்வொருவராக விரியுங்கள். பகை கொண்டவரை முதல் நாளே நினைக்க முயல வேண்டாம். மெத்தாவோடு கருணை, பிறர் நலம் கண்டு மகிழ்தல், சமநிலை ஆகியவற்றையும் சேர்த்து நான்கு நல்ல மனநிலைகளாகப் பௌத்தம் போற்றுகிறது. மணிபல்லவத்தில் பெற்ற அமுதசுரபி என்ற குறையாத உணவுப் பாத்திரத்தால் காப்பிய நாயகி மணிமேகலை பசித்தோருக்கு உணவிட்ட கதையில் இந்தக் கருணை செயலாக நிற்கிறது. அயலில் தனித்திருக்கும் முதியவரை ஒருமுறை போய்ப் பார்த்துக் கதைப்பதும் அதே பயிற்சியின் தொடர்ச்சி.

இரவு: படுக்கமுன் அன்றைய நாளை ஐந்து சீலங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயிருக்குத் தீங்கு, களவு, தவறான பாலுறவு, பொய், மதிமயக்கும் பொருள் ஆகியவற்றிலிருந்து விலகுவதே அவை. ஐந்தாவது சீலம் நேரடியான மருத்துவ அறிவுரை. கவலையை மறக்கக் குடிக்கும் மது முதலில் நித்திரை தந்தாலும், பின்னிரவில் அதைக் குலைக்கிறது. மனச்சோர்வையும் கூட்டுகிறது.

மருத்துவம் கண்டது

1979 இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் யோன் கபாட்-சின் இப்பயிற்சியைப் பல வார வகுப்பாக வடிவமைத்தார். நாட்பட்ட நோவோடு வாழ்ந்தவர்களுக்கே அது முதலில் கற்பிக்கப்பட்டது. பின்னர் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்காக இதே அடிப்படையில் ஒரு சிகிச்சைமுறை உருவானது. பிரித்தானிய மருத்துவ வழிகாட்டல் 2004 இலேயே அதை ஏற்றுக்கொண்டது. பதற்றம், மனச்சோர்வு, நோவு ஆகியவற்றில் மிதமான, ஆனால் உண்மையான பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

எங்கள் மண்ணிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அவரவர் பண்பாட்டிலுள்ள தளர்வுப் பயிற்சிகளையே பரிந்துரைத்தார். பௌத்தருக்கு மூச்சை அவதானிக்கும் ஆனாபானசதி, சைவருக்கு மந்திர செபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர் என்று அவர் வழி காட்டினார். இந்த வழிகள் எல்லாவற்றிலும் மூச்சும் மனமும் ஒன்றில் நிலைகொள்கின்றன.

யார் கவனமாயிருக்க வேண்டும்?

போரில் பெரும் அதிர்ச்சியைச் சந்தித்தவர்களுக்குக் கண்ணை மூடி அமர்ந்தவுடன் பழைய காட்சிகள் பெருகி வரலாம். அப்படியானால் கண்ணைத் திறந்து, கால் நிலத்தில் படுவதை உணர்ந்தபடி மெல்ல நடப்பது நல்லது. இரண்டு மூன்று நிமிடங்களே போதும். பயம் கூடினால் நிறுத்திவிட்டு ஆட்களோடு இருங்கள். இல்லாத குரல்கள் கேட்பவர்களும் கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் நீண்ட தியான முகாம்களுக்குப் போக வேண்டாம். தியானம் செய்கிறோம் என்று மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

துக்கமோ வெறுமையோ இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தால், வேலையும் சாப்பாடும் குலைந்தால் வைத்திய உதவி வேண்டும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இற்கு உடனே அழையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

தொடங்குவது எப்படி?

ஒரு நாளில் ஒரு மணிநேரம் இருந்து மறுநாள் விட்டுவிடுவதைவிட, தினமும் ஐந்து நிமிடம் இருப்பது பயன் தரும். ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் பழக்கம் ஊன்றும். விளக்கேற்றும் நேரத்தில் வீட்டிலுள்ள எல்லோரும் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து பாருங்கள். பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பழகுவார்கள். பள்ளிக்கூடங்களும் சனசமூக நிலையங்களும் வாரத்தில் ஒரு நாளாவது இதற்கு இடம் ஒதுக்கலாம். இவ்வளவு இழப்புகளைத் தாங்கிய எங்கள் சமூகம் மருந்தையும் உளவளத்துணையையும் நாடத் தயங்கக்கூடாது. அவற்றோடு செலவில்லாத இந்த நாளாந்தப் பராமரிப்பையும் தன் மனத்துக்குக் கொடுக்க வேண்டும்.