கெட்டாலும் நிற்கத் தெரிய வேண்டும்

லிஃப்டில் ஏறும்போது உங்களில் பலருக்கு ஒரு கேள்வி வந்திருக்கும்: மேலே இருக்கிற கயிறு அறுந்துவிட்டால்? வீட்டில் கேட்டால், "அதெல்லாம் அறுந்து போகாது, பேசாம வா" என்பார்கள். லிஃப்டைச் சோதித்து உரிமம் தருகிற ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் உங்கள் கட்சிதான். கயிறு அறுந்தேவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று பார்ப்பதே அவருடைய வேலை.

இந்தக் கேள்விக்கு ஊரறியப் பதில் சொன்னவர் எலிஷா ஓடிஸ். அமெரிக்காவில் யாங்கர்ஸ் என்ற ஊரில் கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் சரக்குகளை மாடிக்கு ஏற்றும் மேடைகள் இருந்தன. ஆனால் கயிறு அறுந்தால் மேடை நேரே தரைக்கு வந்துவிடும். மனிதர்கள் அதில் ஏற அஞ்சினார்கள். 1854-இல் நியூயார்க்கில் நடந்த பொருட்காட்சியில் ஓடிஸ் உயரத்தில் ஒரு மேடையில் நின்றுகொண்டார். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மேடையைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சற்றே இறங்கி, அப்படியே நின்றுவிட்டது.

எப்படி? மேடையின் தலையில் ஒரு வில் இருந்தது. கயிறு விறைப்பாக இருக்கும்வரை அதன் இழுப்பில் வில் வளைந்தே இருக்கும். கயிறு அறுந்ததும் வில் நிமிரும். நிமிர்ந்த வில்லின் முனைகள் இரண்டு பக்கத் தூண்களில் இருந்த பற்களில் போய் மாட்டிக்கொள்ளும். நிறுத்துவதற்கு யாரும் எதையும் அழுத்த வேண்டாம். கயிறு அறுந்ததே நிறுத்தும் வேலையைச் செய்துவிடுகிறது! மூன்றாண்டுகள் கழித்து, 1857-இல், நியூயார்க்கின் பிராட்வே தெருவில் ஐந்து மாடிக் கடை ஒன்றில் ஓடிஸின் பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது.

அந்த வில்லில் இருந்த யோசனையை இன்றைய லிஃப்டின் ஒவ்வொரு பாகத்திலும் பார்க்கலாம். பிரேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும் என்று நினைப்போம். லிஃப்டில் நேர்மாறு. வலுவான சுருள்வில்கள் பிரேக்கை எப்போதும் இறுக்கிப் பிடித்தபடி இருக்கும். மின்சாரம் வந்து அந்தப் பிடியை விலக்கினால்தான் லிஃப்ட் நகர முடியும். கரண்ட் போனால் பிடி தானாக விழுந்துவிடும்.

கதவுகளும் அப்படித்தான். ஒவ்வொரு மாடிக் கதவிலும், லிஃப்டின் சொந்தக் கதவிலும் ஒரு சிறிய மின்தொடர்பு இருக்கும். எல்லாம் ஒரே வரிசையில் இணைக்கப்பட்டவை. எல்லாக் கதவும் மூடிப் பூட்டினால்தான் அந்தச் சுற்று முழுமையாகும், மோட்டாரும் ஓடும். ஏழாவது மாடிக் கதவு விரல் அளவு திறந்திருந்தாலும், தரைத்தளத்தில் நிற்கும் லிஃப்ட் அசையக் கூடாது. சுற்றில் ஒரு ஒயர் அறுந்தாலும் லிஃப்ட் நின்றுதான் போகும். ஆய்வாளர் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதற்காகத்தான். அவர் மிகவும் கவனித்துப் பார்க்கிற இடமும் இதுதான் என்பேன். ஏனென்றால் கயிறு அறுந்து லிஃப்ட் விழுவது மிக அரிது. கதவு திறந்ததும் லிஃப்ட் வந்துவிட்டது என்று நம்பி வெறும் குழிக்குள் கால் வைப்பதும், கதவிடுக்கில் சிக்கிக்கொள்வதும்தான் மனிதர்களைக் காயப்படுத்துகின்றன. பழைய கட்டடங்களில் மடக்குக் கம்பிக் கதவு வைத்த லிஃப்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதில் போகும்போது கம்பிகளுக்கு நடுவே விரலைக் கூட நீட்டாதீர்கள்.

சரி, கயிற்றுக்கு வருவோம். அது எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த வடம். ஒன்று மட்டும் இருக்காது. பெரும்பாலும் மூன்று, நான்கு இருக்கும். ஐரோப்பிய விதிப்படி, மூன்றோ அதற்கு மேலோ வடங்கள் உள்ள லிஃப்டில் அவை எல்லாம் சேர்ந்து, தாங்க வேண்டிய சுமையைப்போல் 12 மடங்கு தாங்க வேண்டும். கணக்குப் போடுங்கள்: நான்கு வடங்களில் மூன்று அறுந்து ஒன்றே ஒன்று மிஞ்சினாலும், அது தனியாக மூன்று மடங்கு சுமையைத் தாங்கும்.

அந்த ஒன்றும் போய்விட்டால்? அப்போது வேலை செய்வது கவர்னர் என்ற சிறு சக்கரம். லிஃப்டோடு கட்டிய தனிக் கயிறு ஒன்று அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். சங்கிலி ராட்டினத்தில் வேகம் கூடக்கூட இருக்கைகள் வெளிப்பக்கமாக விரிந்து போகுமல்லவா? கவர்னருக்குள் இருக்கும் எடைகளும் வேகம் கூடினால் அப்படி விரியும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்க வேண்டிய லிஃப்ட் 1.15 மீட்டரைத் தாண்டி விரைந்தால், விரிந்த எடைகள் முதலில் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்கும். அப்படியும் நிற்காவிட்டால் கவர்னரின் கயிற்றைக் கவ்வும். அந்தக் கயிறு நிற்க, லிஃப்ட் மட்டும் இறங்க, இடையிலிருக்கும் நெம்புகோல் இழுபட்டு, லிஃப்டின் அடியிலுள்ள ஆப்புகள் இருபுறத் தண்டவாளங்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். லிஃப்ட் கீழே போக முயன்றால் பிடி இன்னும் இறுகும்.

இங்கே ஒரு விந்தை உண்டு. வடங்களின் மறுமுனையில் எதிர் எடை ஒன்று தொங்குகிறது. காலி லிஃப்டின் எடையோடு, அது ஏற்றக்கூடிய சுமையில் ஏறத்தாழ பாதியைச் சேர்த்து அந்த எடையை வைப்பார்கள். ஆகவே ஒருவர் மட்டும் போகும்போது பிரேக் நழுவினால், லிஃப்ட் கீழே விழாது, மேலே பாயும்! அதனால் புதிய விதிகள் மேல்நோக்கிய அதிவேகத்தையும் தடுக்கும் கருவியைக் கேட்கின்றன.

இவ்வளவும் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் ஆய்வாளர் நம்புவாரா? செய்து காட்டச் சொல்வார். நம் ஊர் லிஃப்ட் பலவற்றில் '8 பேர் – 544 கிலோ' என்று எழுதியிருக்கும். ஓர் ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு அது. சோதனையின்போது அதில் ஆள் யாரையும் ஏற்றாமல், 125 சதவீதம், அதாவது 680 கிலோ எடைக்கற்களை அடுக்கி இறக்குவார்கள். முழு வேகத்தில் வரும்போது மின்சாரத்தைத் துண்டித்தால் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். பிறகு கவர்னரை வேண்டுமென்றே இயங்க வைப்பார்கள். ஆப்புகள் கவ்வி லிஃப்ட் நிற்க வேண்டும். தண்டவாளத்தில் அவை பதித்த தடத்தையும் பார்ப்பார்கள்.

எல்லாக் காப்பும் ஒரே நேரத்தில் போன நாளும் உண்டு. 1945 ஜூலை 28 அன்று, மூடுபனியில் வழி தெரியாமல் வந்த போர் விமானம் ஒன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில், 79-ஆவது மாடியை ஒட்டி மோதியது. பெட்டி லூ ஆலிவர் என்ற லிஃப்ட் இயக்குநர் இருந்த லிஃப்டின் வடங்கள் அறுந்தன. கவர்னரின் கயிறும் சேர்ந்து அறுந்ததால் ஆப்புகளுக்கு ஆணையிட எதுவும் இல்லை. 75 மாடி உயரத்திலிருந்து லிஃப்ட் விழுந்தது. பலத்த காயங்களுடன் அவர் உயிர் பிழைத்தார். அறுந்த வடங்கள் குழிக்குள் சுருண்டு குவிந்து கிடந்ததும், லிஃப்டுக்கு அடியில் அகப்பட்ட காற்றும் அடியின் வேகத்தைக் குறைத்தன. இன்று ஒவ்வொரு லிஃப்ட் குழியின் அடியிலும், மோதலைத் தாங்க சுருள்வில்லோ எண்ணெய் நிரப்பிய தாங்கியோ இருந்தாக வேண்டும். ஆய்வாளர் குழிக்குள் இறங்கி அதையும் பார்ப்பார்.

நடுவழியில் லிஃப்ட் நின்றுவிட்டால் பயம் வரும்தான். ஆனால் இவ்வளவையும் படித்த உங்களுக்கு இப்போது தெரியும்: ஏதோ சந்தேகம் வந்ததால் அது நின்றிருக்கிறது. காற்றோட்டத்துக்கு வழி உண்டு, மூச்சு முட்டாது. அவசர மணியை அழுத்திவிட்டு உள்ளேயே இருங்கள். கதவை நெம்பித் திறந்து குதிக்கவே கூடாது. மாடித் தரைக்கும் லிஃப்டின் அடிப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வழியாகக் குழிக்குள் விழ நேரும். பயிற்சி பெற்றவர் வந்து வெளியே எடுக்கும்வரை அந்த அறைதான் பத்திரமான இடம்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-இல் ஒரு சட்டம் வந்தது. லிஃப்ட் பொருத்துவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். பொருத்தியபின், அரசின் மின் ஆய்வுத் துறை பார்த்து உரிமம் தந்தால்தான் ஓட்டலாம். அந்த உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு, புதுப்பிக்க வேண்டும். உங்கள் குடியிருப்பில் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று சங்கத் தலைவரிடம் நீங்களே கேட்கலாம். சிறுவர் கேட்கக் கூடாத கேள்வி இல்லை அது. விபத்து ஏதும் நடந்துவிட்டால் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மெக்கானிக் வந்து பார்த்து "சரியாயிடுச்சு" என்று சொன்னாலும் போதாது. ஆய்வாளரின் அனுமதி கிடைக்கும்வரை எட்டாவது மாடிக்காரரும் படியேறித்தான் போக வேண்டும்.