கழுத்துக் குழாயில் ஓர் அழற்சி

போர்டிக்சன் தோட்டங்களில் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டால், "இரத்தக் குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டது" என்கிறோம். அது பாதி உண்மைதான். வாய்க்காலில் சேறு படிவதுபோலக் கொழுப்பு அங்கே சும்மா கிடப்பதில்லை.

கழுத்தின் இருபுறமும் விரல் வைத்தால் துடிப்பவை மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருங்குழாய்கள். தாடைக்குக் கீழே ஒவ்வொன்றும் இரண்டாகக் கிளைக்கிறது. அந்தக் கவட்டையில் கெட்ட கொழுப்பு உட்சுவருக்குள் புகுகிறது. இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அதை விழுங்க வருகின்றன. விழுங்கி, உப்பி, அங்கேயே மடிகின்றன. மேலும் அணுக்களைக் கூட்டுகின்றன. முள் குத்திய விரல் சிவந்து வீங்குகிறதல்லவா? அதே அழற்சிதான் இங்கே வலியின்றி ஆண்டுக்கணக்காக நடக்கிறது.

படிவத்தின் மேல் மூடிபோல ஒரு நார்ப்படலம் உண்டு. அழற்சி அதை அரிக்கிறது. மூடி கிழிந்தால், வெட்டிய பட்டையில் ரப்பர்ப்பால் உறைவதுபோல இரத்தம் உறைகிறது. அதிலிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். ஆகவே அடைப்பு எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்த்தால் போதாது. பாதி அடைத்த குழாயும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கலாம்.

1999இல் அமெரிக்க ஆய்வாளர் ரஸ்ஸல் ராஸ் இதை ஓர் அழற்சி நோய் என்றே எழுதினார். 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில், முன்பு மாரடைப்பு கண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தனர். கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் ஊசி, மறுபடி மாரடைப்பு வருவதைக் குறைத்தது. ஆனால் கிருமித் தொற்றால் இறப்பது கூடியது. அழற்சி நமக்குக் காவலும் அல்லவா! இதைக் கேட்டுக் கடையில் வலி மாத்திரை வாங்க வேண்டாம். அவற்றுள் சில பக்கவாத அபாயத்தைக் கூட்டும். கிளினிக்கில் தரும் கொழுப்பு மாத்திரையே அழற்சியையும் சற்றுத் தணிக்கிறது. உடம்பு நன்றாயிருக்கிறதென்று அதைப் பாதியில் நிறுத்துவோர் நம்மிடையே அதிகம். சிகரெட்டோ அழற்சிக்கு விறகு.

பால் வெட்டும்போது கத்தி கைநழுவும், வாய் குழறும், ஒரு கண்ணில் திரை விழும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். "காற்று பட்டது" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் பிரட்டுக்குப் போய்விடுகிறார்கள். மூடி கிழிந்ததன் அடையாளமாக அது இருக்கலாம். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த சில நாள்களில்தான் மிகுதி. குழாயைச் சுத்தம் செய்யும் அறுவை தேவைப்பட்டால், இரண்டு வாரத்துக்குள் செய்வதே அதிகப் பயன் தரும். கை சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சரியாகும்வரை காத்திராமல் 999ஐ அழைக்கலாம்.