கரியமில வாயுவும் கணிப்பொறியும்

காவிரி பாய்ந்து வளங்கொழிக்கும் தஞ்சை நாட்டிலே, சம்பாப் பயிர் தழைத்து நிற்குங் காலத்தில் வரப்பின்மீது நின்று நோக்குவார்க்குக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற காட்சியே தோன்றும். அக்காட்சியின் அழகை வியவாதார் இலர். ஆயினும், அப்பசுமையினுள்ளே ஓசையின்றி நடைபெறும் பெருந்தொழிலை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஒவ்வொரு நெல்லிலையும் காற்றிலுள்ள கரியமில வாயுவை நுண்துளைகளின் வழியே ஈர்க்கின்றது. வேர் உறிஞ்சிய நீரையும் கதிரவன் ஒளியையும் துணையாகக் கொண்டு அதனைச் சர்க்கரையாக மாற்றுகின்றது. அச்சர்க்கரையே மாவுப்பொருளாகத் திரண்டு கதிரில் நெல்மணியாய் முற்றுகின்றது. உழவன் களத்தில் குவிக்கும் நெற்பொலியின் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்ததன்று. காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்ததேயாகும். இது வியப்பன்றோ!

இலை வாங்கும் இவ்வாயுவை மனிதன் மிகுதியாக வெளியிட்டு வருகின்றான். நிலக்கரியும் எண்ணெயும் இயற்கை வாயுவும் எரியும்போதெல்லாம் கரியமில வாயு பிறக்கின்றது. ஆலைத் தொழில் பெருகுவதற்கு முன், பத்து இலட்சம் பங்கு காற்றில் இவ்வாயு ஏறத்தாழ 280 பங்கே இருந்தது. இன்றோ 420 பங்கிற்கும் மேலாகிவிட்டது. இது போர்வைபோல் நின்று உலகின் வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கின்றது. வெப்பம் மிகுதலால் பனிப்பாறைகள் உருகுகின்றன, கடல்நீர் விரிவடைகின்றது, கடல் மட்டம் உயர்கின்றது. நாகப்பட்டினம், வேதாரணியம் முதலிய கடற்கரைப் பகுதிகளோ தாழ்ந்த நிலங்கள். அங்கே உவர்நீர் உட்புகுந்தால், தலைமுறை தலைமுறையாக நெல் விளைந்த வயல் களராகிவிடும். புகையை மிகுதியாக எழுப்பியவர் எங்கோ இருக்க, அதன் பயனை நுகர்பவர் கடைமடை உழவராக இருப்பது எண்ணத்தக்கதாகும்.

இலை செய்யும் தொழிலை மனிதனும் செய்யலாகாதா என்னும் வினா இங்கு எழுகின்றது. 2016ஆம் ஆண்டில் தூத்துக்குடி ஆலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு செய்யும் பணி தொடங்கிற்று. இது போற்றத்தக்க முயற்சியே. ஆனால் உலகிற்கு வேண்டும் சோடா உப்பிற்கு ஓர் அளவுண்டு. எழும் புகைக்கோ அளவில்லை. ஆதலின், அவ்வாயுவை எரிபொருளாகவும், பலவகைப் பொருள்களுக்கு மூலமாகும் எத்திலீன் போன்றவையாகவும் மாற்ற அறிஞர் முயன்று வருகின்றனர்.

இம்முயற்சி எளிதன்று. வாய்க்கால் நீர் பள்ளத்து வயலுக்குத் தானே பாயும். மேட்டு வயலுக்கு வேண்டுமாயின் ஏற்றம் இட்டு இறைத்தல் வேண்டும். கரியமில வாயு பள்ளத்தில் தேங்கிய நீர் போன்றது; எரிந்து தன் ஆற்றலை இழந்து நிற்பது. அதனை மீண்டும் எரிபொருளாக்குவது மேட்டிற்கு நீர் இறைப்பதனை ஒக்கும். அதற்கு ஆற்றலாக மின்சாரத்தைச் செலுத்துகின்றனர். மின்சாரம் மட்டும் போதாது. வினையை விரைவுபடுத்தி, வேண்டிய வழியிலே செலுத்தும் துணைப்பொருள் ஒன்றும் வேண்டும். அதுவே வினையூக்கி எனப்படும். நெல்லிலையில் ருபிஸ்கோ என்னும் நொதி அத்தகைய துணையாக அமைந்துள்ளது.

வினையூக்கியின் இயல்பைக் கொள்ளிடத்து ஓடக்காரனைக் கொண்டு விளக்கலாம். வருவாரை அவன் ஏற்றிக்கொள்ளாவிடின் ஒருவரும் அக்கரை சேரார். ஏற்றியவரை இறங்கவிடாது பிடித்துக்கொண்டானாயின் அடுத்தவர்க்கு இடமிராது. ஏற்றவும் வேண்டும், இறக்கவும் வேண்டும். வினையூக்கியின் மேற்பரப்பும் மூலக்கூறுகளை மிக இறுகப் பற்றுதல் ஆகாது. மிகத் தளரப் பற்றுதலும் ஆகாது. இவ்வுண்மையைத் தெளிவுறுத்தியவர் 1912ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிஞர் பால் சபாத்தியே ஆவார்.

அத்தகைய நடுநிலைப் பிடிப்புடைய உலோகம் எது? 1985ஆம் ஆண்டையொட்டி யோஷியோ ஹோரி என்னும் ஜப்பானிய அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும், செம்பு கரியமில வாயுவை மீத்தேன், எத்திலீன் முதலியவாக மாற்றவல்லது எனக் கண்டனர். ஆயின் செம்பு ஒரு பொருளை மட்டும் தருவதில்லை. பலவற்றைக் கலந்தே தருகின்றது. வேண்டிய பொருளை மிகுதியாகப் பெறுவதற்குச் செம்புடன் வேறோர் உலோகத்தைக் கலத்தல் நலம். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் வாழும் சிற்பிகள், செம்புடன் பிற உலோகங்களை அளவறிந்து கலந்து தெய்வத் திருவுருவங்களை வார்க்கின்றனர். கலப்பின் அளவு மாறினால் உலோகத்தின் இயல்பும் மாறும் என்பது அவர்கள் கையாலேயே உணர்ந்த உண்மை.

எந்த உலோகத்தை எந்த அளவில் கலப்பது? கலவையின் எந்த முகத்தில், எந்த இடத்தில் வினை நிகழும்? இவற்றை ஒவ்வொன்றாக ஆராயப் புகின் ஒரு வாழ்நாள் போதாது. நெல்வயலுக்கு இடும் யூரியாவிற்கு மூலமாகிய அம்மோனியாவைச் செய்வதற்குத் தக்க வினையூக்கியைத் தேடி, ஜெர்மனி நாட்டு மித்தாஷ் என்பாரும் அவர்தம் துணைவரும் ஆயிரக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். அவ்வுழைப்பின் பயனாகவே 1913ஆம் ஆண்டில் ஒப்பாவு என்னும் ஊரில் முதல் அம்மோனியா ஆலை இயங்கத் தொடங்கிற்று. இக்காலத்தில் ஓர் உலோகப் பரப்பின் பிடிப்பு வலிமையைச் சோதனைச்சாலைக்குச் செல்லாமலே கணிப்பொறியால் கணக்கிடலாம். ஆயின் ஓரிடத்திற்குரிய கணக்கே பல மணி நேரத்தை விழுங்கிவிடும்.

இவ்விடத்திலேதான் எந்திரக் கற்றல் துணைக்கு வருகின்றது. 1922ஆம் ஆண்டில் ஆடுதுறையில் தோன்றிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அனுபவம் முதிர்ந்த ஒருவர், இளம்பயிரின் தூரையும் தோகையையும் கண்டே, எதனைக் காப்பது, எதனைக் கழிப்பது என்று ஓரளவு உய்த்துணர்வார். அவர் பல பருவங்களில் கண்ட விளைவுகளே அவருக்கு அக்கண்ணைத் தந்தன. கணிப்பொறிக்கும் இவ்வாறே முன்னர்க் கணக்கிட்ட பல விடைகள் காட்டப்படுகின்றன. அவற்றிடையே அமைந்த ஒழுங்கை அது கற்றுக்கொண்டு, இன்னும் கணக்கிடாதவற்றின் விடையை நொடிப்பொழுதில் ஊகித்துரைக்கின்றது. ஊகத்தில் நல்லவை எனத் தோன்றியவற்றை அறிஞர் முறைப்படி கணக்கிடுவர். அவ்விடையையும் எந்திரம் கற்கும். பிழைத்த ஊகமும் அதற்கு ஒரு பாடமே.

கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க நாட்டுக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தாரும் இம்முறையைக் கையாண்டு, 2020ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். செம்பு கலந்த 244 படிகங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். அவற்றில் வினை நிகழத்தக்க இடங்கள் 2,28,969. இவற்றுள் ஏறத்தாழ 4,000 கணக்குகளே முழுமையாகச் செய்யப்பட்டன. எஞ்சியவற்றை எந்திரம் ஊகித்தது. செம்பும் அலுமினியமும் சேர்ந்த கலவையே சிறந்தது என அது சுட்டிற்று. அறிஞர் அக்கலவையைச் செய்து சோதித்தனர். தனிச் செம்பில், செலுத்திய மின்சாரத்தில் நூற்றுக்கு 66 பங்கு அளவே எத்திலீன் ஆக்கத்திற்குப் பயன்பட்டது; புதிய கலவையிலோ 80 பங்கிற்கு மேல் பயன்பட்டது.

இதனால் எந்திரம் யாவும் அறிந்தது என்று மயங்கலாகாது. காட்டியதனையன்றிக் காணாததனை அது நன்கு உரைக்கமாட்டாது. அது வழிகாட்டியே, முடிவு கூறும் நடுவர் சோதனையே ஆகும். சோதனைச்சாலையின் சிறு தகட்டில் கண்ட வெற்றி, ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டிய ஆலையிலும் நிலைபெறுதல் வேண்டும். செலுத்தும் மின்சாரமும் கதிரவனிடமிருந்தோ காற்றிலிருந்தோ வருதல் வேண்டும். நிலக்கரியை எரித்துப் பெற்ற மின்சாரத்தால் இத்தொழிலைச் செய்வது, ஓட்டைச் சாலால் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். இறைத்ததினும் ஒழுகியதே மிகும். புகையைக் குறைப்பதே முதற்கடமை. எழுந்த புகையைப் பொருளாக்குவது அதற்கு அடுத்தது.

2020ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனத்தாரும் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, இத்தகைய கணக்குகளில் 12 இலட்சத்திற்கு மேற்பட்டவற்றைத் திரட்டி, உலகத்தார் அனைவரும் பயன்படுத்துமாறு வழங்கினர். செல்வம் மிக்க நாட்டினர்க்கு மட்டும் உரியதாயிராது, ஊர்ப் பொதுக்குளம் போல் அது எல்லார்க்கும் திறந்து கிடக்கின்றது. வேதியியலும் கணிதமும் ஊன்றிக் கற்ற மாணவன் தஞ்சையில் இருந்துகொண்டே அதில் இறங்கி ஆராயலாம். கடைமடை வயலைக் கடல்நீரினின்று காக்கும் பணியில், அவ்வயல் நெல்லை உண்டு வளர்ந்தவர்க்கும் பங்குண்டன்றோ!