மலைத்தொழிலாளரும் ஞாயிற்றின் கதிரும்

குளிர்ந்த இடத்து வெயில் கேடு செய்யாது என்பது பலரின் எண்ணம். அஃது உண்மையன்று. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் வழிகாட்டிகளாகவும் பனிச்சறுக்குப் பயிற்றுநராகவும் தொழில் புரிவோரின் தோலை மருத்துவர்கள் ஆராய்ந்துள்ளனர். தோற்புற்றும், அதற்கு முன்னறிகுறியான சொரசொரப்பான செதிற்படைகளும், அறைக்குள் பணியாற்றுவோரைக் காட்டிலும் இவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டன.

காரணம் யாது? நாம் உணரும் வெம்மை வேறு. தோலைக் கெடுக்கும் புறவூதாக் கதிர் வேறு. பின்னது கண்ணுக்கும் புலனாகாது, உடலுக்கும் சுடாது. குளிர்காற்று வெம்மையை மறைக்குமேயன்றி இக்கதிரைத் தடுக்காது. 1000 மீட்டர் ஏறுந்தோறும் இதன் வலிமை நூற்றுக்குப் பத்துப் பங்களவு கூடுகிறது. இதனை வடிகட்டும் காற்று உயரத்தில் குறைந்துவிடுவதே காரணம். புதுப்பனியோ, தன்மேல் விழும் புறவூதாக் கதிரில் நூற்றுக்கு எண்பது பங்குவரை மேலே திருப்பியனுப்பும். ஆகவே தொப்பி அணிந்தவரின் மோவாயையும் மூக்கின் அடிப்புறத்தையுங்கூடக் கதிர் கீழிருந்து தாக்குகிறது. மெல்லிய முகிலும் நல்ல காவலன்று.

இக்கதிர் தோலின் உயிரணுவிலுள்ள மரபுப்பொருளைச் சிதைக்கிறது. உடல் அதனைச் செப்பனிட்டுக்கொள்ளும். ஆயினும் சிதைவு நாள்தோறும் நேரும்போது சில பழுதுகள் திருந்தாமல் எஞ்சி, பல்லாண்டுகளுக்குப்பின் புற்றாக உருவெடுக்கின்றன. இளமையில் பட்ட வெயிலுக்கு முதுமையில் வட்டி கட்ட நேர்கிறது.

மெலனோமா அல்லாத தோற்புற்றால் நேரும் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று வெயிலில் வேலை செய்வதால் விளைவது என, உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் கணக்கிட்டன. ஜெர்மனி 2015இல் வெயிலால் வரும் செதிலணுப் புற்றினைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நோய்க்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவன்று, அவன் செய்த தொழிலே என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய மாற்றமாகும்.

நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களும் 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே உள்ளன. நம்மவரின் கருந்தோல் இயற்கை தந்த குடை. ஆதலால் தோற்புற்று நம்மிடையே அரிது. ஆனால் அக்குடை கண்ணுக்கு இல்லை. நெடுநாள் படும் புறவூதாக் கதிர் கண்புரைக்கும் ஒரு காரணமாகும்.

காக்கும் வழி எளியது: அகன்ற விளிம்புத் தொப்பி, நீண்ட கைச்சட்டை, கதிர் தடுக்கும் கண்ணாடி, நண்பகலில் நிழல். ஆறாத புண்ணையும் உருமாறும் மச்சத்தையும் உடனே மருத்துவரிடம் காட்டல் வேண்டும். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். இவற்றை ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் வழியே செய்தி வெயிலில் நிற்கும் பெற்றோரைச் சென்று சேரும்.