கடுகு சிறுத்தாலும் கூடைக்கு எட்டுமா?



காலையில் பிரேயருக்கு நிற்கும்போது எங்க வகுப்பு வரிசையில் முதல் ஆளா நிற்பவன் நான்தான். என் உயரம் 5 அடி 3 அங்குலம். நம்ம பள்ளிக் கூடைப்பந்து அணியில் நான் பாயிண்ட் கார்டு. "உனக்குக் கூடை தெரியுதாடா?" என்று கேட்காத ஆளே இல்லை. கேளுங்க, பரவாயில்லை. ஆனால் இந்தக் கட்டுரை என்னைப் பற்றியது இல்லை, என் அண்ணனைப் பற்றியது.

அண்ணன் பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி அணியின் பாயிண்ட் கார்டு. உயரம் 5 அடி 6 அங்குலம். கூடைப்பந்தையே தொழிலா வெச்சுக்கணும் என்பது அவன் ஆசை. சில மாதம் முன்னாடி ஓர் அணித் தேர்வுக்குப் போனான். எந்த அணி என்று இங்கே எழுதவில்லை. வரிசையில் நிற்க வைத்து, முதலில் சுவரோடு சேர்த்து உயரத்தை அளந்தார்களாம். அண்ணன் முறை வந்ததும், "தம்பி, நீ போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவன் பந்தைத் தொடவே இல்லை. அன்று ராத்திரி 29சி பஸ்ஸில் லஸ்ஸில் வந்து இறங்கியவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

அப்பாவுக்கு தி.நகரில் சின்ன லைனிங் துணிக்கடை. அவர் கோபப்படவில்லை. "நம்ம வம்சத்துலயே ஆறடி ஆள் கிடையாதுடா. இல்லாததை எங்கே போய் வாங்கறது? ஆடிட்டர் ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கேன். பரீட்சை முடிஞ்சதும் சேர்ந்துடு" என்றார். அண்ணன் ஒரு வருஷம் டைம் கேட்டான். அம்மா என்னைப் பார்த்து, "நீதான் கண்டதையும் படிக்கிறியே, நிஜமாவே வாய்ப்பு இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லேன்" என்றார்.

அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அண்ணன் என்பதற்காக ஒரு மார்க்கூட அதிகம் போடவில்லை.

முதலில், உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்?

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார். உடற்பயிற்சிக் கூடத்து மாடிக் கைப்பிடியில் பீச் பழக் கூடையை ஆணி அடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம்! இன்றைக்கும் வளையம் அதே 10 அடியில்தான் (3.05 மீட்டர்) இருக்கிறது. அந்தக் கைப்பிடி 8 அடியில் இருந்திருந்தால் எங்க வீட்டில் இந்தச் சண்டையே வந்திருக்காது.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் நாம் பஸ்ஸில் தினமும் தாண்டிப் போகிற அதே கல்லூரிதான். ஆக, கூடைப்பந்து பிறந்த இடத்துக்கும் நம்ம ஏரியாவுக்கும் நேரடி உறவு உண்டு.

வளையம் மேலே இருப்பதால், கை எட்டுகிறவனுக்கு லாபம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குள்ளமானவனுக்கு உண்மையான கஷ்டம் கூடை போடுவதில் இல்லை, தடுப்பதில்தான். எதிரணி வேண்டுமென்றே 'ஸ்க்ரீன்' வைத்து, அதாவது நம் ஆளை வழிமறித்து, அவர்களுடைய உயரமான ஆள் நம்மிடம் மாட்டுகிற மாதிரி செய்வார்கள். பிறகு அவன் நம் தலைக்கு மேலே சாவகாசமாகப் பந்தைப் போடுவான். நாம் குதித்தாலும் அவன் முழங்கைதான் கைக்குக் கிடைக்கும். தேர்வாளர்கள் உயரத்தை அளப்பது இதனால்தான். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்தைக் கொடுத்துப் பார்க்காமலே அனுப்பினார்களே, அதில் நியாயம் இல்லை.

பாயிண்ட் கார்டு என்ன செய்கிறான்?

பந்தைக் கீழிருந்து கொண்டு வந்து, யார் எங்கே ஓட வேண்டும் என்று சொல்லி, சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் பாஸ் கொடுப்பவன் பாயிண்ட் கார்டு. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற ஆட்களை ஏவுகிறவர் மாதிரி. அவர் சாப்பிட மாட்டார், ஆனால் அவர் இல்லை என்றால் யார் இலையிலும் சாம்பார் விழாது. பந்து கையில் வந்த 24 விநாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். அதில் முதல் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். இந்த வேலைக்குக் குள்ளம் ஓரளவு உதவியும் செய்கிறது. தரைக்கும் கைக்கும் தூரம் குறைவு என்பதால் பந்து சீக்கிரம் கைக்குத் திரும்பி வரும், பறிப்பது கஷ்டம். சட்டென்று திரும்ப முடியும். உயரமான ஆள் அசந்து பந்தைக் கீழே இறக்கினால் தட்டிவிடலாம்.

குள்ளமாக இருந்து ஜெயித்தவர்கள்

1. மக்ஸி போக்ஸ். உயரம் 5 அடி 3 அங்குலம். என் உயரம்! என்.பி.ஏ. வரலாற்றிலேயே குள்ளமானவர். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1987-இல் 12-ஆவது ஆளாகத் தேர்வானார். முதல் வருஷம் அவர் அணியில் கூட ஆடிய மனூட் போல் என்பவரின் உயரம் 7 அடி 7 அங்குலம். போக்ஸ் 14 சீசன் ஆடினார். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 7.6 முறை அவர் கொடுத்த பாஸ் கூடையில் முடிந்தது. பந்தை இழந்தது சராசரி 1.6 முறைதான். இந்த இரண்டு எண்ணையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் வேலை இருக்கு.

2. ஏர்ல் பாய்கின்ஸ். 5 அடி 5 அங்குலம். 1998-இல் கல்லூரி முடித்தபோது எந்த அணியும் அவரைத் தேர்வு செய்யவில்லை. ஒவ்வோர் அணியாகக் கதவைத் தட்டி, குறுகிய கால ஒப்பந்தங்களில் நுழைந்து, பத்து ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார்.

3. ஐசயா தாமஸ். 5 அடி 9 அங்குலம். 2011-இல் கடைசி ஆளாக, 60-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர். 2016-17 சீசனில் பாஸ்டன் அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்தார்.

4. யூகி கவாமுரா. ஜப்பான்காரர், சுமார் 5 அடி 8 அங்குலம். எங்க அண்ணனுக்கு ரொம்பக் கிட்ட வருபவர் இவர்தான். டோகாய் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 2022-இல் ஜப்பானின் பி.லீக்கில் தொழில்முறை வீரரானார். 2022-23-இல் அந்த லீக்கின் சிறந்த வீரர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக 29 புள்ளி. 2024-25-இல் என்.பி.ஏ.வில் மெம்ஃபிஸ் அணிக்காக ஆடினார்.

இதைப் படித்ததும் துள்ளிக் குதித்து அண்ணனிடம் ஓடினேன். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுடா!" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "காரம் சரி. தாளிக்க வாணலி வேணும்ல?" என்றான்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது.

வாணலி எங்கே?

கவாமுராவுக்கு ஜப்பானில் 2016-இல் தொடங்கி வருஷா வருஷம் நடக்கும் லீக் இருந்தது. அமெரிக்காவில் முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். என்.பி.ஏ.வில் 30 அணி, அணிக்கு 15 பேர், அதோடு இருவழி ஒப்பந்தத்தில் 3 பேர். மொத்தம் 540 இடம். உலகமே அதற்குப் போட்டி போடுகிறது. அங்கே வீரர்களின் சராசரி உயரம் சுமார் 6 அடி 6 அங்குலம்.

சரி, உயரம் மட்டும் இருந்தால் போதுமா? பஞ்சாபின் சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். 2015-இல் டல்லாஸ் அணி அவரை 52-ஆவது இடத்தில் எடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம்பிடித்த, இந்தியாவில் பிறந்த முதல் வீரர் அவர். ஆனால் என்.பி.ஏ. சீசனில் ஓர் ஆட்டம்கூட அவர் இறங்கவில்லை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். ஆக, நம்ம நாட்டில் குள்ளமானவனுக்கு மட்டும் கதவு மூடியில்லை. நெட்டையானவனும் ஏணி இல்லாமல்தான் நிற்கிறான்.

இந்தியாவில் லீக் நடக்கவே இல்லையா? நடந்தது. 2015-இல் யு.பி.ஏ. என்ற லீக் தொடங்கியது. அதில் 'சென்னை ஸ்லாம்' நம்ம அணி. 2017-உடன் அது நின்றுபோனது. 2022-இல் இந்திய தேசிய கூடைப்பந்து லீக் வந்தது. அதில் 'சென்னை ஹீட்' ஆடியது. ஆனால் நடுவில் ஐந்து வருஷ இடைவெளி! ஒரு வீரனுக்கு நல்ல வயசே பத்து வருஷம்தான். அதில் பாதி போய்விட்டால் என்ன மிச்சம்?

அதனால் நம்ம ஊரில் 'புரொபஷனல்' என்ற வார்த்தைக்கு அர்த்தமே வேறு. ரயில்வே, வங்கி, காவல்துறை, சுங்கத்துறை மாதிரி இடங்களில் விளையாட்டு வீரருக்கான ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, அந்த அணிக்கு ஆடுவதுதான். சென்னையில் தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவற்றின் அணிகள் பெயர் பெற்றவை. மாதச் சம்பளம் வரும், விளையாட்டு நின்றாலும் வேலை நிற்காது.

இதற்குச் சிறந்த உதாரணம் நம்ம சென்னை அனிதா பால்துரை அவர்கள். கார்டு இடத்தில் ஆடியவர். 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். தொடர்ந்து ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் பங்கேற்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இத்தனைக்கும் அவருக்குச் சோறு போட்டது எந்த லீக்கும் இல்லை, தெற்கு ரயில்வே வேலைதான். ஆண்கள் பக்கம் பார்த்தால், தமிழ்நாட்டின் அகிலன் பாரி இந்தியாவுக்குப் பாயிண்ட் கார்டாக ஆடியிருக்கிறார். அந்த இடத்துக்கு இங்கிருந்து ஆள் போக முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

இப்போது அண்ணனின் மார்க் ஷீட்

என்.பி.ஏ.: முட்டை. மனசாட்சிப்படி வேறு எதுவும் போட முடியாது.

வெளிநாட்டு லீக்: ஃபெயில். அங்கே அயல்நாட்டு வீரர்களுக்கு இடம் குறைவு. அந்தச் சில இடத்துக்கும் பெரும்பாலும் உயரமான ஆளையோ அமெரிக்கரையோதான் தேடுவார்கள்.

இந்திய லீக்: ஜஸ்ட் பாஸ் ஆகலாம். ஆனால் பரீட்சை எப்போது நடக்கும் என்பதே நிச்சயம் இல்லை.

வேலையோடு ஆடும் அணி: வாய்ப்பு உண்டு, ஆனால் சுலபம் இல்லை. எல்லா வருஷமும் ஆள் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் பாயிண்ட் கார்டு இடம் ஒன்றோ இரண்டோதான். மாநில அணியில் ஆடிய சான்றிதழ் மாதிரி ஏதாவது கையில் இருந்தால்தான் உள்ளேயே விடுவார்கள். குள்ளமானவன் அங்கே நிற்க வேண்டும் என்றால் மூன்று வேண்டும்: 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து நம்பி எறியும் ஷாட், எதிராளியை மூச்சு வாங்க வைக்கும் வேகம், பந்தை இழக்காத கை.

இதை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். முட்டை என்று வந்தபோது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கே கஷ்டமாக இருந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கடையை மத்தியானமே சாத்திவிட்டு, அண்ணன் ஆடும் கல்லூரி மேட்சுக்கு வந்தார். இந்த மூன்று வருஷத்தில் முதல் தடவை. என் பக்கத்தில் உட்கார்ந்து, கடை பில்லின் பின்பக்கம் என்னமோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அணி நான்கு புள்ளியில் தோற்றுவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பில்லை அண்ணனிடம் நீட்டினார். இரண்டு வரிசைக் கோடு. "நீ குடுத்து அடுத்தவன் போட்டது ஒன்பது. நீ பறிகொடுத்தது நாலு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த 5 அடி 3 அங்குலத்துக்காரர் கணக்கு 7.6-க்கு 1.6-ன்னு தம்பி எழுதியிருக்கான். உன் நாலைக் குறைக்கணும்" என்றார்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். பரீட்சை முடிந்ததும் அண்ணன் ஆடிட்டர் ஆபீஸில் பத்து மணிக்கு வேலைக்குப் போவான். காலை ஐந்தரை முதல் எட்டு வரை அடையாறில் ஒரு கோர்ட்டில் பயிற்சி. மாநில அணித் தேர்வுக்கு ஒரு வருஷம் முயற்சி. அதற்குள் கிடைக்கவில்லை என்றால் சனி, ஞாயிறு ஆட்டக்காரன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்திலேயே ஒரு வருஷம் கழித்து எழுதுகிறேன்.

நண்பர்களே, குள்ளமாக இருக்கும் நமக்கு "முயன்றால் எல்லாம் முடியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. "உன்னால் முடியாது" என்று அளந்து பார்த்தே அனுப்பினாலும் நம்பாதீங்க. எது முடியும், எது முடியாது என்று கணக்குப் போட்டுப் பாருங்க. கணக்கு எழுத ஒரு பில்லின் பின்பக்கம் போதும்.



– பதினோராம் வகுப்பு 'அ' பிரிவு, பிரேயர் வரிசையில் முதல் ஆள்