சரக்கு வண்டியின் கழுத்தைக் கவனியுங்கள்



என் தந்தையார் காலத்தில் வாலாஜாபாத்திலிருந்து மாட்டு வண்டியில்தான் சரக்கு வரும். வண்டி கிளம்புமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். அச்சுக்கு மசகு போட்டாயிற்றா என்று கேட்பார். இன்று நம்மில் பலருக்கு மொபெட்டும் மோட்டார் சைக்கிளும்தான் சரக்கு வண்டி. பெட்ரோல் போடுகிறோம், ஆயில் மாற்றுகிறோம். ஹேண்டிலைத் தாங்கும் கோன்செட்டை மட்டும் மறந்து விடுகிறோம். நானும் மறந்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், என் கடைப் பையன் அரிசிச் சிப்பத்தோடு ஒரகடம் போகும் வழியில் விழுந்து விட்டான். பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரர் சமயத்தில் பிரேக் பிடித்ததால் உயிர் தப்பினான், மணிக்கட்டு முறிந்தது. "ஹேண்டில் நடுவில் பிடிக்குது முதலாளி" என்று பத்து நாளாகச் சொல்லிக் கொண்டிருந்தான். தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டவன் நான். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்தோம், கிரீஸ் வைக்கவில்லை.

ஏன் கெடுகிறது?

கோன்செட், பால்ரேஸ் என்று மெக்கானிக்குகள் சொல்வதெல்லாம் ஒன்றுதான். சேசிஸின் கழுத்துக் குழாயில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பேரிங் உண்டு. சிறு வண்டிகள் பலவற்றில் கிண்ணத்துக்கும் கோனுக்கும் நடுவே எஃகு குண்டுகள் இருக்கும். சக்கரத்து பேரிங் முழுச் சுற்றும் சுற்றும். இதுவோ சிறிதளவே திரும்பும். ஆகவே பள்ளத்திலும் பிரேக்கிலும் விழும் அடியெல்லாம் ஒரே இடத்தில் விழுந்து குழியாகிறது. கிரீஸ் காய்ந்து தண்ணீர் புகுந்தால் துருவும் சேரும். கீழ் பேரிங்தான் முதலில் கெடும். சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அதன் மேல்தான் படும்.

ஹேண்டிலின் இருபுறமும் பைகளைத் தொங்க விடுவதும், கழுவும்போது அந்த இடத்தில் பிரஷர் தண்ணீர் அடிப்பதும் நாமே செய்யும் கெடுதல்கள்.

சோதிப்பது எப்படி?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்புறத்தை அழுத்தட்டும். முன் சக்கரம் தூக்கி நிற்கும். ஹேண்டிலை மெல்ல இருபுறமும் திருப்புங்கள். நடுவில் தட்டி நின்றால் குழி விழுந்து விட்டது. ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது கழுத்தில் "டக்" என்றால் லூசாக இருக்கிறது. மெதுவாகப் போகும்போது வண்டி இப்படியும் அப்படியும் அலைந்தால், டைட் அதிகமாக இருக்கலாம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

நட்டை மட்டும் முடுக்கி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றி, மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவி, துடைத்து உலர்த்தி, நல்ல லித்தியம் கிரீஸ் நிரப்ப வேண்டும். எஞ்சின் ஆயில் போதாது, வழிந்து விடும். குண்டுகள் எண்ணிக்கை குறையக் கூடாது. பாதையில் குழியோ துருவோ இருந்தால், கிண்ணம், கோன், குண்டு மூன்றையும் மேலும் கீழும் சேர்த்து மாற்றுவதே சரி. புதுக் கிண்ணத்தில் பழைய குண்டு, புது அரிசியில் வண்டு விட்டதற்குச் சமம். வேலை முடிந்தபின் ஆட்டம் இருக்கக் கூடாது. சக்கரம் தூக்கி நிற்கையில் ஹேண்டில் தடையின்றித் திரும்ப வேண்டும்.

2013-இல் ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. பிறகு வல்லம் வடகாலில் யமஹாவும் வந்தது. நம் பக்கத்திலேயே வண்டி செய்கிறார்கள். ஆனால் வாங்கிய வண்டியைப் பராமரிப்பது நம் வேலை. சுமை ஏற்றும் வண்டிக்கு ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன், ஆயுத பூஜையை ஒட்டி இதைச் செய்து விடுங்கள்.

முக்கியமாக, வண்டி ஓட்டும் பையன் ஒரு குறை சொன்னால் அன்றைக்கே கேளுங்கள். ஹேண்டில் அவன் கையில்தான் இருக்கிறது.