நெருக்கமான நகருக்கு ஏற்ற மோட்டார் வண்டி

செருப்பு வாங்குவோன் தன் காலை அளந்து வாங்குகின்றான். சட்டை தைப்பிப்போன் தன் உடலை அளந்து தைப்பிக்கின்றான். மோட்டார் வண்டி வாங்குவோனோ பெரும்பாலும் தன் பணப்பையை மட்டும் அளந்து, எத்துணைப் பெரிய வண்டி கிடைக்குமோ அத்துணைப் பெரியதையே நாடுகின்றான். அவ்வண்டி செல்லவேண்டிய தெருவை அளந்து பார்ப்பார் மிகச் சிலரே. ஆசியாவின் நெருக்கமான நகரங்களுள் ஒன்றாகிய தோக்கியோ இவ்விஷயத்தில் நமக்குக் கற்பிப்பது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண், வண்டி வேண்டுமோ என்பதே வினா. தோக்கியோவில் யமனோத்தே என்னும் வட்ட இரயில் பாதை ஒன்றே 34.5 கிலோமீட்டர் நீளத்தில் 30 நிலையங்களை இணைக்கின்றது. தனியாய் அலுவலுக்குச் செல்வோர்க்கு அதுவே சாலும். முதிய பெற்றோரையும் கைக்குழந்தையையும் உடையார்க்கும், சிறு வணிகர்க்குமே வண்டியின் தேவை மெய்யான தேவையாகும்.

இரண்டாவது, வண்டி நிற்குமிடம். வண்டி ஓடும் நேரத்தினும் நிற்கும் நேரமே பெரிது. 1962இல் ஜப்பானியர் இயற்றிய சட்டமொன்று, வண்டியுடையான் தெருவையே கொட்டகையாக்குதலைத் தடுத்தது. இந்நாளில் அங்குப் பெரிய வண்டி வாங்குவோன், தன் இருப்பிடத்துக்கு 2 கிலோமீட்டருக்குள் நிறுத்துமிடம் உண்டெனக் காவல் நிலையத்தாரிடம் சான்று பெற்ற பின்னரே அதனைப் பதிவு செய்யலாகும்.

மூன்றாவது, தெருவின் அகலம். 1950ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம், வீடு கட்டும் நிலம் பொதுவாக 4 மீட்டர் அகலமேனும் உள்ள தெருவை அடுத்திருக்க வேண்டுமென்கின்றது. அதனினுங் குறுகிய பழந்தெருக்களும் பல. இத்தகைய குறுமை நோக்கிப் பயன்படுவதே "கேய்" எனப்படும் இலேசான வண்டி. 1949இல் இவ்வகுப்பு முதன்முதல் வரையறுக்கப்பட்டது. இன்றைய விதிப்படி இதன் நீளம் 3.4 மீட்டருக்கும், அகலம் 1.48 மீட்டருக்கும், எந்திரக் கொள்ளளவு 660 கன சென்டிமீட்டருக்கும் மேற்படலாகாது. நால்வர் அமரலாம். ஆண்டு வரி 10,800 யென். பிற வகுப்பில் ஒரு லிட்டர் எந்திரமுள்ள புதுவண்டிக்கோ 25,000 யென். பக்கவாட்டில் நகரும் கதவுகளை உடையவை, சுவரை ஒட்டி நிற்குமிடத்தும் முதியோர் ஏறியிறங்க ஏற்றவை.

இனி, எளிய கணக்கொன்று போடுவோம். 1.8 மீட்டர் அகலமுள்ள இரு வண்டிகள் 4 மீட்டர்த் தெருவில் எதிர்ப்படின், எஞ்சும் இடம் 40 சென்டிமீட்டரே. அவற்றின் பக்கக் கண்ணாடிகளையும் சேர்ப்பின் அதுவுமில்லை. கேய் வண்டிகள் இரண்டெனின், 1 மீட்டருக்குச் சிறிது மிகுதியாக எஞ்சும். அந்த மீட்டர் யாருக்கு உரியது? பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவனுக்கும், கோலூன்றி வரும் கிழவிக்கும் உரியது.

இவ்வண்டியிற் குறையில்லையோ எனின், உண்டு. கனத்த வண்டியோடு மோதுங்கால் இலேசான வண்டியே மிகுதியான அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். நெடுந்தொலைச் செலவுக்கும், பெருங்குடும்பத்துக்கும் இது பொருந்தாது. ஆயின், ஆண்டில் இரண்டொரு நாள் வேண்டப்படும் பெரு வண்டியை அன்று வாடகைக்குக் கொள்ளலாமன்றோ? அவ்விரு நாளுக்காக எஞ்சிய நாளெல்லாம் அதனைத் தெருவில் உருட்டுதல் அறிவாகாது.

இவ்வகை வண்டி நமக்கு முற்றும் புதிதன்று. 1983 டிசம்பரில் நம் நாட்டில் வெளிவந்த மாருதி 800, ஜப்பானின் சுசூகி நிறுவனத்துச் சிறு வண்டியையே முதலாகக் கொண்டு, 796 கன சென்டிமீட்டர் எந்திரத்தோடு அமைந்தது. அதனைச் சிறிதென்று இகழாது எத்தனையோ குடும்பங்கள் மகிழ்ந்து ஏற்றன.

ஆதலின், வண்டி வாங்கப் புகுவார் தம் செல்வத்தை அளக்குமுன் தம் தேவையையும், நிறுத்துமிடத்தையும், தெருவையும் அளப்பாராக. பிறனை நேசித்தல் ஆலயத்துள் மட்டும் கேட்டு அமைவதற்குரியதன்று; குறுகிய தெருவில் அவன் நடத்தற்கு இடம் விட்டுச் செல்லுதலும் அதனுள் அடங்குமென நாம் கருதுகின்றோம்.